ஆளில்லாத் தீவில் ஆர் உடுப்புத் தோய்க்கிறது?

யாழ்ப்பாணத்தில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகிற வழியைக் கைபேசியில் போட்டுப் பார்க்கிறோம். நீலப் புள்ளி றோட்டில் சரியாக நிற்கிறது. அது சரியாக நிற்பதற்கு இந்து சமுத்திரத்தின் நடுவில் இருக்கிற ஒரு தீவும் காரணம். ஜிபிஎஸ் செய்மதிகளோடு கதைக்கிற தரை அன்ரனாக்கள் உலகத்தில் ஒரு சில இடங்களில்தான் இருக்கின்றன. அதில் ஒன்று டியாகோ கார்சியாவில் இருக்கிறது. கொழும்பில் இருந்து தென்மேற்காகக் கிட்டத்தட்ட 1,800 கிலோமீற்றர். லண்டனை விட, ரொறன்ரோவை விட எத்தனையோ மடங்கு கிட்ட. ஆனால் 2021க்கு முதல் எங்களில் ஆரும் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருந்தால், எம்எச் 370 விமானத்தை அமெரிக்கன் அங்கதான் இறக்கி ஒளிச்சு வைச்சிருக்கிறான் எண்ட யூரியூப் கதையில்தான் கேள்விப்பட்டிருப்போம்.

2021 ஒக்ரோபரில்தான் அது எங்கட கதையாகவும் மாறினது. கனடாவுக்கெண்டு வெளிக்கிட்ட 89 தமிழர்களின் மீன்பிடிப் படகு நடுக்கடலில் தத்தளிக்க, பிரித்தானியக் கப்பல் அவர்களைக் கூட்டிக்கொண்டுபோய் அந்தத் தீவில் இறக்கினது. குழந்தைகளும் அதில் இருந்தார்கள். சில கிழமைகள் எண்டு நினைச்ச தங்கல் மூன்று வருசமாக இழுபட்டது. 2024 டிசம்பரில் பெரும்பாலானவர்கள் பிரித்தானியாவுக்குக் கொண்டுபோகப்பட்டதோடு, எங்கட முகநூல் ரைம்லைன்களில் டியாகோ கார்சியாவின் கதை முடிஞ்சுபோச்சு. பிறகு 2025 வசந்த காலத்தில் அமெரிக்காவின் பி-2 குண்டுவீச்சு விமானங்கள் அங்கே வரிசையாக நிற்கிற செய்மதிப் படங்கள் வந்தன. உடனே பூகோள அரசியல் அண்ணாமார் வரைபடத்தை விரிச்சு அம்புக்குறி போடத் தொடங்கிவிட்டார்கள்.

எங்களுக்கு இந்த இரண்டு விதமான கதைகளிலும் ஒரு குறை தெரிகிறது. ஒன்றில் அந்தத் தீவு ஒரு புள்ளி, மற்றதில் அது ஒரு சிறை. இரண்டிலுமே அது ஒரு ஊர் இல்லை. உண்மையில் அங்கே விடிய எழும்புகிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆரோ சமைக்கிறார்கள், ஆரோ கோப்பை கழுவுகிறார்கள், ஆரோ புல்லு வெட்டுகிறார்கள். ஒரு வெளிநாட்டுக் கடற்படைத் தளம் எப்படி இயங்குகிறது எண்டு விளங்கவேணுமெண்டால் விமானத்தை விட்டுவிட்டு அந்தக் கோப்பை கழுவுகிறவரில் இருந்து தொடங்கவேணும் எண்டது எங்கட கருத்து.

சரி, அந்த ஊருக்குள்ள போய்ப் பார்ப்பம்.

மேலே இருந்து பார்த்தால் தீவு ஒரு காலடித் தடம் மாதிரி இருக்கும். அமெரிக்கப் படையினர் அதைச் ‘சுதந்திரத்தின் காலடி’ எண்டு பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டு எங்களுக்குச் சிரிப்பு வந்தது, காரணத்தைப் பிறகு சொல்கிறோம். நிலப்பரப்பு ஏறத்தாழ 27 சதுர கிலோமீற்றர்தான். மெல்லிய ஒரு நிலத் துண்டு ஒரு பெரிய களப்பைச் சுற்றி வளைஞ்சு கிடக்கிறது, வடக்கில் மட்டும் வாய் திறந்திருக்கிறது. மேற்குக் கரையில்தான் தளம். குடியிருப்பு, சாப்பாட்டுக் கூடம், கடை, தபாற்கந்தோர், தேவாலயம், உடற்பயிற்சிக் கூடம், போலிங் விளையாட்டு, மதுச்சாலை எல்லாம் இருக்கிற பகுதியை அவர்கள் ‘டவுன்ரவுன்’ எண்டு சொல்கிறார்கள். கிழக்குக் கரையில் பழைய தென்னந்தோட்டத்தின் இடிபாடுகள், ஒரு தேவாலயம், கல்லறைகள்.

கொடி பிரித்தானியாவினது. தபால் முத்திரையும் பிரித்தானியப் பிரதேசத்தினது. ஆனால் வாகனம் ஓடுவது அமெரிக்கா மாதிரி வலப்பக்கம், கடையில் கொடுப்பது டொலர். எங்களை விட அரை மணித்தியாலம் முந்தின நேரம். ஆயிரக்கணக்கில் இருக்கிற ஆட்களில் பிரித்தானியப் படையினர் சில டசின் பேர்தான். பொலிஸ், சுங்கம், குடிவரவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. அவர்களின் கட்டளை அதிகாரியே சமாதான நீதவானாகவும் இருக்கிறார். ஊரில் சமாதான நீதவான் எண்டால் சான்றிதழ்ப் பிரதியில் கையெழுத்து வைக்கிற ஓய்வுபெற்ற அதிபர்தான் எங்களுக்கு ஞாபகம் வரும். இவர் துவக்கு வைச்சிருக்கிற சமாதான நீதவான்.

அமெரிக்கப் படையினர் வழமையாக ஒரு வருசத்துக்கு வருகிறார்கள். மனிசி பிள்ளைகளைக் கூட்டிவர ஏலாது. ஆகவே தீவில் பள்ளிக்கூடம் இல்லை. குழந்தைகளும் கிழடுகட்டைகளும் இல்லாத ஊர். வேலை முடிஞ்சால் மீன்பிடி, சைக்கிள், பியர். தென்னை மரத்தில் ஏறுகிற ராட்சத நண்டுகளும், தோட்டக் காலத்தில் செக்கு இழுத்த கழுதைகளின் பேரப்பிள்ளைகளும் தெருவில் திரிகின்றன. அங்கே இருந்துவிட்டுப் போனவர்கள் பலர் அதை ஒரு சொர்க்கம் மாதிரி நினைவுகூருகிறார்கள். அதைப் பொய் எண்டு நாங்கள் சொல்லமாட்டோம். இருபது வயதுப் பெடியன் ஒருத்தனுக்கு அந்தக் கடல் சொர்க்கமாகத்தான் தெரிஞ்சிருக்கும்.

தளத்தின் வேலை என்ன? சுருக்கமாகச் சொன்னால், சண்டை நடக்கிற இடத்துக்குக் கிட்டவாகச் சாமான் அடுக்கி வைத்திருப்பது. களப்புக்குள் பெரிய கப்பல்கள் மாதக்கணக்காக நங்கூரமிட்டு நிற்கின்றன. அவற்றின் வயிற்றுக்குள் கவச வாகனங்கள், வெடிமருந்து, எரிபொருள், உதிரிப்பாகம். எங்காவது யுத்தம் தொடங்கினால் படையினர் விமானத்தில் போவார்கள், சாமான் இங்கிருந்து கப்பலில் போகும். ஏறத்தாழ 3,660 மீற்றர் நீள ஓடுபாதையில் இருந்து 1991இல் ஈராக்குக்கும், 2001இல் ஆப்கானிஸ்தானுக்கும், 2003இல் திரும்ப ஈராக்குக்கும் குண்டுவீச்சு விமானங்கள் எழும்பின. ஒவ்வொரு பறப்புக்கும் பின்னால் எரிபொருளைக் கப்பலில் கொண்டுவந்து குழாயில் ஏற்றுகிறவர்கள், ரயர் மாற்றுகிறவர்கள், விமானிக்கு விடியப்புறம் மூன்று மணிக்கு முட்டை பொரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். தளத்தில் ‘சும்மா’ வேலை எண்டு ஒன்றும் இல்லை. 2002இல் சிஐஏ ஆட்களைக் கடத்திக்கொண்டுபோன இரண்டு விமானங்கள் இங்கே எரிபொருள் நிரப்பிக்கொண்டு போனதை, பல தடவை மறுத்த பிறகு, 2008இல் பிரித்தானிய வெளிவிவகாரச் செயலாளர் டேவிட் மிலிபாண்ட் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். நடந்தது எரிபொருள் நிரப்புகிற வேலைதான், தினமும் நடக்கிற வேலை.

இந்த வேலைகளைப் பெரும்பாலும் செய்கிறவர்கள் அமெரிக்கரும் இல்லை, பிரித்தானியரும் இல்லை. ஒப்பந்தக் கொம்பனிகள் கொண்டுவருகிற பிலிப்பினோக்கள், அவர்களோடு மொரிசியஸ்காரர் கொஞ்சப் பேர். சமையல், சலவை, துப்புரவு, கட்டடம், மின்சாரம், படகு எல்லாத்திலும் அவர்கள்தான். ஒப்பந்தம் முடிஞ்சால் வீட்டை போகவேணும். எங்களுக்கு இது புதுக் கதை இல்லை. கட்டாரிலும் குவைத்திலும் எங்கட ஆட்கள் வாழ்கிற வாழ்க்கையும் இதுதான். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இருந்த அமெரிக்க முகாம்களின் சமையற்கட்டுகளில் இலங்கையர்களும் வேலை செய்திருக்கிறார்கள்.

ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. மணிலாவில் இருந்து ஆயிரக்கணக்கான மைல் தாண்டி ஆட்களைக் கொண்டுவருவதை விட, பக்கத்தில் மொரிசியசில் வேலையில்லாமல் இருந்த, அந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்த சனத்தை எடுத்திருக்கலாமே? 70களிலும் 80களிலும் அந்தச் சனம் வேலை கேட்டது. கொடுக்கவில்லை. அவர்களை வேலைக்காரராகக் கூட உள்ளே விடக்கூடாது எண்டதுதான் நிலைப்பாடு. வேலைக்காரன் ஒருநாள் திரும்பிப் போவான். அங்கேயே பிறந்தவன் ‘திரும்பி’ எங்கே போவான்?

சாகோசியர் எண்ட அந்த மக்களைப் பற்றி எங்கட பாடப்புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சுக்காரர் தென்னந்தோட்டம் போட மொசாம்பிக், மடகஸ்கார் பக்கங்களில் இருந்து அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். அடிமை முறை ஒழிந்த பிறகு இந்தியாவில் இருந்து, தென்னிந்தியாவில் இருந்தும், ஒப்பந்தக் கூலிகள் வந்தார்கள். கொப்பறா காயவைப்பதும், எண்ணெய் ஆட்டுவதும், மீன் பிடிப்பதுமாக ஐந்தாறு தலைமுறை போனது. கிரியோல் பேசினார்கள். வெளியுலகத்தோடு தொடர்பு எவ்வளவு குறைவு எண்டால், 1914 ஒக்ரோபரில் ஜேர்மன் போர்க்கப்பல் எம்டன் அங்கே போய் நின்றபோது, உலக யுத்தம் தொடங்கினதே அங்கத்தைய தோட்ட முகாமையாளருக்குத் தெரியாது. ஜேர்மன்காரரும் சொல்லவில்லை. அவருடைய மோட்டர் படகைத் திருத்திக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள். ‘அவன் பெரிய எம்டன்’ எண்டு நாங்கள் இப்பவும் சொல்கிற அதே எம்டன்தான், சென்னைக்குக் குண்டு போட்டு இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகு.

இனி எங்கட திருகோணமலை இந்தக் கதைக்குள் வருகிற இடம். பிரித்தானியாவின் கிழக்குக் கடற்படைக்குத் திருகோணமலை எவ்வளவு முக்கியமாக இருந்தது எண்டு சீனன்குடா எண்ணெய்க் குதங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 1957இல் அந்தத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைக்கவேண்டி வந்தது. சுதந்திரம் அடைந்த நாடுகளில் இருக்கிற தளத்தை எந்த நேரமும் பறிகொடுக்கலாம் எண்ட பாடத்தை மேற்கு நாடுகள் அந்தக் காலத்தில்தான் படித்துக்கொண்டிருந்தன. அதே 50களின் கடைசியில் அமெரிக்கக் கடற்படையில் ஸ்ருவர்ட் பார்பர் எண்டவர் ஒரு யோசனை வைத்தார். சனம் குறைவான, இன்னும் சுதந்திரம் கேட்காத சின்னத் தீவுகளை இப்பவே எடுத்து வைச்சுக்கொள்ளவேணும் எண்டதுதான் அது. சனம் இருந்தால் பிறகு ஓர் ஊர்வலம் வரும், வாக்கெடுப்பு வரும், ஒரு பண்டாரநாயக்க வருவார். அந்தத் தேடலில் மாட்டுப்பட்டதுதான் டியாகோ கார்சியா.

1965 நவம்பரில், மொரிசியசுக்குச் சுதந்திரம் கொடுக்க இரண்டு வருசச் சொச்சத்துக்கு முதல், பிரித்தானியா சாகோஸ் தீவுகளை அதில் இருந்து வெட்டி எடுத்தது. மொரிசியசுக்கு 30 இலட்சம் பவுண் கொடுத்தது. 1966 டிசம்பர் 30இல் அமெரிக்காவோடு 50 வருச ஒப்பந்தம். பதிலுக்கு, பொலாரிஸ் ஏவுகணைச் செலவில் பிரித்தானியா கட்டவேண்டிய 1 கோடியே 40 இலட்சம் டொலரை அமெரிக்கா இரகசியமாகத் தள்ளுபடி செய்தது.

பிறகு சனப் பிரச்சினை. ஐக்கிய நாடுகள் சபையில் ‘அங்கே நிரந்தரக் குடிமக்கள் இல்லை’ எண்டு சொல்லவேண்டி இருந்தது. ஆனால் இருந்தார்கள். அதற்கு லண்டன் அதிகாரிகள் கண்டுபிடித்த வழி, அவர்கள் எல்லாரும் தோட்டத்தில் தற்காலிகமாக வேலைக்கு வந்த ஒப்பந்தக் கூலிகள், மொரிசியஸ்காரர், சீசெல்ஸ்காரர் எண்டு காகிதத்தில் எழுதுவது. அந்தக் காலத்துக் குறிப்பு ஒன்றில் ஓர் அதிகாரி அவர்களை டார்சன்கள் எண்டு நக்கலடித்தும் எழுதியிருக்கிறார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். ‘நீ தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவன், உன்ர ஊர் வேற’ எண்ட வசனத்தை நாங்கள் எங்கே கேட்டிருக்கிறோம்? 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்ரோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பக் கணக்குப் போட்டார்கள், போகிறவர்களிடம் கேட்காமல். சாகோஸ் வெட்டி எடுக்கப்பட்டது அதற்கு ஒரு வருசத்துக்குப் பிறகு. இரண்டுக்கும் பின்னால் ஒரே கை இருந்தது எண்டு நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ஒரே தர்க்கம் இருந்தது. பிரித்தானியத் தோட்டப் பொருளாதாரம் மனிதரைச் சாமான் மாதிரி இடம் மாற்றிப் பழகினது, வேலை முடிஞ்சதும் அந்த இடமாற்றத்தையே அவர்களுக்கு எதிரான சாட்சியாகக் காட்டினது. நூறு வருசம் ஓர் இடத்தில் பிறந்து செத்தாலும் ‘வந்தவன்’ எண்ட பெயர் போகாது. நானுஓயாவில் இருந்து மன்னாருக்கு ரயிலேறின குடும்பத்துக்கும், டியாகோ கார்சியாவில் இருந்து கப்பலேறின குடும்பத்துக்கும் விளங்கக்கூடிய ஒரு பொதுமொழி இருக்கிறது. அதை நாங்கள் இன்னும் பேசத் தொடங்கவில்லை.

1971 மார்ச்சில் அமெரிக்கக் கடற்படையின் கட்டுமானப் பிரிவு வந்து இறங்கியது. அதே வருசம் குடிவரவுச் சட்டம் ஒன்று. அனுமதி இல்லாமல் தீவில் இருப்பது குற்றம். முதலில் நாய்களைக் கொன்றார்கள், ஆயிரம் அளவில். சனத்தின் வளர்ப்பு நாய்களைக் கொப்பறா காயவைக்கிற கொட்டிலுக்குள் அடைத்து வாகனப் புகையால் கொன்றார்கள். அடுத்தது நீங்கள்தான் எண்டு வாயால் சொல்லத் தேவையிருக்கவில்லை. பிறகு ஒரு பெட்டியோடு கப்பலில் ஏற்றினார்கள். 1973க்குள் மற்ற இரண்டு தீவுக் கூட்டங்களும் காலி. மொத்தம் 1,500 முதல் 2,000 பேர், போர்ட் லூயிசின் சேரிகளிலும் சீசெல்ஸிலும் போய் விழுந்தார்கள். 1982இல் நட்டஈடு கொடுத்தபோது, திரும்பிப் போகிற உரிமையைக் கைவிடுகிறோம் எண்ட ஆங்கிலப் பத்திரத்தில், எழுத வாசிக்கத் தெரியாத ஆட்களிடம் பெருவிரல் அடையாளம் வாங்கினார்கள். ‘சுதந்திரத்தின் காலடி’ எண்டதுக்கு நாங்கள் சிரிச்சதன் காரணம் இதுதான்.

இப்ப திரும்ப 2021க்கு வருவோம். எங்கட ஆட்கள் அங்கே இறங்கினபோது நடந்ததை இந்தப் பின்னணியோடு பார்க்கவேணும். கூடாரங்கள், சுற்றிவர வேலி, தனியார் பாதுகாப்புக் கொம்பனியின் காவல். கூடாரத்துக்குள் எலி. வேலிக்கு வெளியில் சுதந்திரமாகப் போக அனுமதி இல்லை. உண்ணாவிரதம் இருந்தார்கள், உயிரை மாய்க்க முயன்றார்கள். சிலரை வைத்தியத்துக்கெண்டு ருவாண்டாவுக்கு அனுப்பினார்கள். 2024 டிசம்பரில் அந்தப் பிரதேசத்தின் உச்ச நீதிமன்ற நீதிபதி மார்கரெட் ஓபி, அவர்கள் சட்டவிரோதமாகத் தடுத்து வைக்கப்பட்டிருந்தார்கள் எண்டும், பெயரைத் தவிர மற்ற எல்லா வகையிலும் அது சிறைதான் எண்டும் தீர்ப்பளித்தார்.

பிரித்தானியா கொடூரமான நாடு, அதனால் இப்படி நடந்தது எண்டு சொல்லிவிட்டுப் போகலாம். அது சோம்பேறித்தனமான விளக்கம். படகைக் காப்பாற்றினதும் அவர்கள்தான், சாப்பாடு கொடுத்ததும் அவர்கள்தான். சிக்கல் வேற இடத்தில் இருந்தது. அந்தத் தீவின் சட்டமே அங்கே ஆருக்கும் வாழ உரிமை இல்லை எண்ட அடித்தளத்தில் கட்டப்பட்டது. சாகோசியரை வெளியில் வைக்கக் கட்டின மதில் அது. 2000ஆம் ஆண்டு ஒலிவியே பான்கூல் தலைமையில் சாகோசியர் லண்டன் மேல்நீதிமன்றத்தில் வென்றபோது அந்த மதில் ஒருக்கா ஆட்டம் கண்டது. 2004இல் நாடாளுமன்றத்துக்குக் கூடப் போகாமல் அரச ஆணையால் திரும்பக் கட்டினார்கள். அகதி ஒருத்தருக்கு அங்கே ஒரு வீடு, ஒரு வேலை, பிள்ளைக்கு ஒரு வகுப்பறை கொடுத்தால், 50 வருசமாகச் சொல்லிவந்த ‘இங்கே ஆரும் வாழ ஏலாது’ எண்ட கதை என்னாகும்? ஆகவே வேலிக்குள் கூடாரம் போட்டு மூன்று வருசத்துக்கும் ‘தற்காலிகம்’ எண்ட சொல்லையே இழுத்துக்கொண்டு போனார்கள்.

2024 ஜூலையில் நடந்த ஒரு விசயம் எங்களுக்கு எல்லாத்தையும் விட அதிகம் சொல்லித் தந்தது. வழக்கை விசாரிக்கத் தீவுக்கு வர வெளிக்கிட்ட நீதிபதியையும் சட்டத்தரணிகளையும் அமெரிக்கா பாதுகாப்புக் காரணம் சொல்லித் தடுத்தது. தங்குமிடம், சாப்பாடு, வாகனம் தரமாட்டோம் எண்டு சொன்னது. செப்ரெம்பரில்தான் பிறகு போகமுடிந்தது. பிரித்தானியப் பிரதேசத்தில் பிரித்தானியச் சட்டப்படி நியமிக்கப்பட்ட நீதிபதிக்கு அமெரிக்கச் சமையற்கட்டின் சம்மதம் இல்லாமல் ஒருநேரச் சோறில்லை. கோப்பை கழுவுகிறவரில் இருந்து தொடங்கவேணும் எண்டு மேலே சொன்னதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை. தளத்தில் இறைமை எண்டது கொடிக்கம்பத்தில் இல்லை. கட்டிலும் பிளேட்டும் ஆற்ற கையில் எண்டதில்தான் இருக்கிறது.

இதை எழுதுகிறபோது எங்களுக்குள்ளேயே ஒரு வாக்குவாதம் நடந்தது. திருகோணமலைக்கு ஏதாவது ஒரு பெரிய நாடு வந்து தளம் போட்டால் வேலைவாய்ப்பு வரும், அரசாங்கத்தின் கையும் கொஞ்சம் கட்டப்படும் எண்டு நினைக்கிற ஆட்கள் எங்கட வட்டத்திலும் இருக்கினம். 1987 இந்திய–இலங்கை ஒப்பந்தக் கடிதங்களில், இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவப் பாவனைக்கும் திருகோணமலையைக் கொடுப்பதில்லை எண்டு இருக்கிறதுதான். ஆனால் அந்த ஆசை எங்கட அரசியல் பேச்சில் திரும்பத் திரும்ப வரும். இந்தியாவை நம்பி, அமெரிக்காவை நம்பி, ‘எங்கட கேந்திர முக்கியத்துவம்’ எண்டு நெஞ்சை நிமிர்த்துகிற பேச்சு. அவர்களுக்கு எங்கட பதில் இதுதான்: கேந்திர முக்கியத்துவம் நிலத்துக்குத்தான், அதில் இருக்கிற சனத்துக்கு இல்லை. டியாகோ கார்சியாவுக்கு அது கூடினபடியால்தான் அதன் சனம் வெளியில் போனது. வேலை வந்தது உண்மை, மணிலாக்காரருக்கு வந்தது.

தளம் போடுகிறவன் வெள்ளைக்காரனாக இருக்கவேணும் எண்டும் இல்லை. 2007இல் வெளியேற்றப்பட்ட முள்ளிக்குளம் சனத்தின் நிலத்தில் இலங்கைக் கடற்படையின் வடமேற்குக் கட்டளைத் தலைமையகம் வந்தது. வலி வடக்கில் சனம் முகாமில் இருக்க, காங்கேசன்துறைக் கடற்கரையில் இராணுவம் விடுமுறை விடுதி நடத்தியது. அங்கேயும் ஆரோ கட்டில் விரிச்சார்கள், ஆரோ பிளேட் கழுவினார்கள். சொந்தக் காணிக்காரன் கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்றான்.

சுற்றாடல் கதையும் அப்படியே. 2010இல் பிரித்தானியா சாகோஸ் கடலைப் பாதுகாக்கப்பட்ட பிரதேசமாக அறிவித்தது. பவளப்பாறைக்கு நல்லதுதான். ஆனால் இந்த அறிவிப்பால் சாகோசியரின் மீள்குடியேற்றக் கோரிக்கை செத்துப்போகும் எண்டு ஓர் அதிகாரி அமெரிக்கருக்குச் சொன்னது விக்கிலீக்ஸில் வெளியானது. தளத்தின் நங்கூரங்களும் ஓடுபாதையும் பவளத்துக்குக் கேடு இல்லையாம், பத்துக் குடும்பத்தின் தூண்டில்தான் கேடாம். வன இலாகாவின் எல்லைக்கல் தன்ர தோட்டத்துக்குள்ள நிற்கிறதைக் கண்ட வன்னி விவசாயிக்கு இதை நாங்கள் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

2019இல் சர்வதேச நீதிமன்றம், சாகோசை வெட்டி எடுத்தது சட்டப்படி சரியில்லை, பிரித்தானியா வெளியேறவேணும் எண்டு ஆலோசனைக் கருத்துச் சொன்னது. 2025 மே 22இல் பிரித்தானியாவும் மொரிசியசும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்து வைத்தன. இறைமை மொரிசியசுக்கு, தளம் 99 வருசக் குத்தகைக்கு, சராசரியாக வருசத்துக்கு 10 கோடி பவுண் அளவில். மற்றத் தீவுகளில் மொரிசியஸ் ஆட்களைக் குடியேற்றலாம். டியாகோ கார்சியாவில் ஏலாது. பேச்சுவார்த்தை மேசையில் சாகோசியருக்குக் கதிரை இல்லை. ஆகவே லண்டனில் உடன்படிக்கைக்கு எதிராக ஆர்ப்பாட்டம் செய்த சாகோசியரும் இருக்கிறார்கள், மொரிசியசில் வரவேற்றவர்களும் இருக்கிறார்கள். தாங்கள் யாருடைய பிரசை எண்டதிலேயே அந்தச் சனம் பிரிஞ்சு நிற்கிறது. வெளியில் இருந்து பார்க்கிறவர்கள் இதைக் ‘காலனித்துவத்தின் முடிவு’ எண்டோ ‘சீனாவுக்குக் கிடைத்த பரிசு’ எண்டோ எழுதுகிறார்கள். நாங்களாவது அப்படி எழுதாமல் விடலாம்.

இரண்டு திகதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்கிறோம். 2018 ஏப்ரலில் இரணைதீவுச் சனம், 26 வருசம் கடற்படையின் கையில் இருந்த தங்கட தீவுக்கு, ஒருவரையும் கேட்காமல் தாங்களே வள்ளங்களில் போய் இறங்கினார்கள். பெண்கள்தான் முன்னுக்கு நின்றார்கள். தேவாலயத்துக்குப் போனார்கள், திரும்பி வரமாட்டோம் எண்டார்கள். 2022 பெப்ரவரியில் பான்கூலும் வேறு சில சாகோசியரும் பிரித்தானியாவின் அனுமதி இல்லாமல் மொரிசியஸ் ஒழுங்கு செய்த கப்பலில் பெரோஸ் பான்ஹோசில் இறங்கினார்கள். மண்ணை முத்தமிட்டார்கள், புதர் மூடின தேவாலயத்தைத் துப்புரவாக்கினார்கள். அந்த நாளில், அதே தீவுக்கூட்டத்தில், தெற்கே இருநூற்றுச் சொச்சம் கிலோமீற்றர் தள்ளி, எங்கட ஆட்கள் கூடாரத்துக்குள் நாலு மாதமாக இருந்தார்கள். ஒரு சனம் அந்தத் தீவுக்குள் போக வழி கேட்டது. மற்றச் சனம் வெளியில் வர வழி கேட்டது. இரண்டு பேருக்கும் மறுமொழி சொன்னது ஒரே கந்தோர்.

லண்டனுக்குத் தெற்கே, கட்விக் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் குரோலி எண்ட ஊரில் ஆயிரக்கணக்கான சாகோசியர் இருக்கினம். பலருக்கு விமான நிலையத்தில்தான் வேலை. லண்டனில் இருக்கிற எங்கட வாசகர்களுக்கு ரயிலில் ஒரு மணித்தியாலத்துக்குள் போகலாம். அடுத்த முறை டியாகோ கார்சியா பற்றி ஒரு கலந்துரையாடல் வைக்கிறபோது, ஒரு பூகோள அரசியல் அண்ணாவுக்குப் பதிலாக அவர்களில் ஒருவரைக் கூப்பிடுங்கோ. கிரியோல் மொழிபெயர்க்க ஆள் வேணுமெண்டால், மொரிசியஸ் தமிழர் எத்தனையோ பேர் லண்டனில் இருக்கிறார்கள்.